நாடித்துடிப்பும் உடல் தகுதியும்

(சந்தவாசலில் நடைபெற்ற கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வந்திருக்கிறது. அதன் பயனை இன்று இம்மேடையிலும் கீழேயும் கண்கூடாகக் காண்கிறோம். ஆகவே கல்வியைப் பற்றிப் பேசுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் துடித்துக்கொண்டிருக்கும் நாடி. இதுவும் கல்வியைச் சார்ந்ததே என்பது உரையின் போக்கில் விளங்கும்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் இளைஞர்கள் பெருந்தொகையாக நாடிச் செல்வது காவல்துறை, சிறைத்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் பணிகளை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இதற்கான தேர்வுகளை நடத்துகிறது. எழுத்துத் தேர்வுக்கு இரவு பகலாகப் படித்துத் தேறுகிறார்கள். அதன்பின் திடலுக்கு அழைக்கப்படுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளுக்குள் ஓட வேண்டும். இது தகுதிச் சுற்று. இதில் தவறியவருக்கு அடுத்த கட்டம் இல்லை. ஓராண்டு உழைப்பு ஏழு நிமிடத்தில் கரைந்துபோகிறது.

ஆண்களின் உயர அளவில் பொதுப்பிரிவினருக்கு 170 சென்டிமீட்டர் என்றும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167 சென்டிமீட்டர் என்றும் சலுகை வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் அத்தகைய வகுப்புவாரிச் சலுகை கிடையாது. கடிகாரம் எல்லா வகுப்பினருக்கும் ஒன்றே. அதில் நாம் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஏனெனில், எழுத்தறிவைப் போலவே ஓடும் திறமும் முறையாகப் பயின்றால் வருவது. அவ்வாறு பயில வழிகாட்டும் கருவி காசு கொடுத்து வாங்க வேண்டாதது. அதுதான் நாடி.

இதயம் செய்யும் வேலை

இதயம் ஒரு முட்டியளவுள்ள தசைப்பை. அது சுருங்கும்போது குருதியை வெளியே தள்ளுகிறது, விரியும்போது நிரப்பிக்கொள்கிறது. குருதி உடலைச் சுற்றி வந்து மீண்டும் இதயத்தையே அடைகிறது என்பதை 1628ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி தம் நூலில் நிறுவினார். ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் தமனிகளில் எழும் அலையையே நாம் மணிக்கட்டில் நாடியாக உணர்கிறோம்.

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் குருதியைத் தள்ளுகிறது. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்றால், ஏறத்தாழ 5 லிட்டர். ஓடத் தொடங்கியதும் தொடைத் தசைகள் பிராணவாயுவைக் கேட்கின்றன. அதைச் சுமந்து செல்வது குருதி. ஆகவே இதயம் விரைகிறது. கடும் ஓட்டத்தில் இளைஞர் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு 20 லிட்டர் வரை இறைக்கும். நீண்ட தூர ஓட்டத்தில் தேர்ந்த வீரர்களுக்கு இது 30 லிட்டரையும் தாண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். தேர்ந்த வீரரின் இதயம் மற்றவர் இதயத்தைவிட வேகமாகத் துடிப்பதால்தான் கூடுதலாக இறைக்கிறதா? இல்லை. ஒருவருடைய இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது அதன் தோராயமான அளவு. இருபது வயதினருக்கு 200. நாற்பது வயதினருக்கு 180. இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். பயிற்சியால் இந்த உச்சம் உயர்வதில்லை. உயர்வது ஒவ்வொரு துடிப்பின் கொள்ளளவே. மாதக்கணக்கில் ஓடுபவருக்கு உடலில் குருதியின் அளவு கூடுகிறது, இதயத்தின் அறை விரிவடைகிறது, சுவர் வலுவடைகிறது. கிணற்றில் சிறு வாளியால் பத்து முறை இறைப்பதைப் பெரிய வாளியால் ஏழு முறையில் இறைத்துவிடுவது போன்றது இது.

ஆகவே உடல் தகுதிக்கு நாடி தரும் சான்று இரண்டு. ஓய்வு நேரத்தில் துடிப்பு குறைவாக இருக்கும். ஒரே வேலையைச் செய்யும்போதும் துடிப்பு குறைவாக இருக்கும். ஒரே வேகத்தில் அருகருகே ஓடும் இரு இளைஞர்களில் ஒருவருக்கு நிமிடத்திற்கு 180, மற்றவருக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். முன்னவர் தம் எல்லையருகே நிற்கிறார். பின்னவருக்கு இன்னும் வேகமெடுக்க இடம் இருக்கிறது. கடைசிச் சுற்றில் யார் முந்துவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களின் ஓய்வுநிலை நாடி பொதுவாக 60 முதல் 100 வரை இருக்கும். ஓட்ட வீரர்களுக்கு 40, 50 என்றும் இருப்பதுண்டு. ஒருவரின் நாடி 72இலிருந்து 56ஆகக் குறைகிறது என்றால், ஒரு நாளில் 23,040 துடிப்புகள் மிச்சம். இக்கணக்கை மாணவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்கலாம்.

நாடியைத் தொட்டறிதல்

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் மற்றொரு கையின் மூன்று விரல்களை மெல்லப் பதிக்க வேண்டும். நம் சித்த மருத்துவர்கள் வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பதும் இவ்விடத்திலேதான். கட்டை விரலால் பார்க்கக் கூடாது. அவ்விரலுக்கே ஒரு துடிப்பு இருப்பதால் கணக்குப் பிசகும். காலையில் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்குமுன், ஒரு முழு நிமிடம் எண்ணுக. அதுவே ஓய்வுநிலை நாடி. ஓடி நின்றதும் எண்ணுவதாயின் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குக. ஓட்டம் நின்றவுடன் துடிப்பு விரைந்து இறங்கத் தொடங்குவதால், முழு நிமிடம் எண்ணினால் உண்மையான அளவு கிடைக்காது.

மூன்று விரலால் ஒருவர் கையைத் தொடுவது எளிய செயல். ஆயினும் அந்த எளிய செயல் நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். கத்தியவார் பகுதியைச் சேர்ந்த, தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் 1929ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் அதனைத் தம் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் குறிப்புகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். பிள்ளை பெற்ற சில நாட்களில் அந்த ஆசிரியரின் மனைவிக்கு மூச்சுத் திணறல் கண்டது. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். பிறர் பரிந்து பேசியபின் வந்தும், நோயாளியைத் தொடவில்லை. வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பியது. விளக்கொளியில் அதைப் பார்த்து மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லிச் சென்றார். அந்த அம்மையார் உயிர் பிழைக்கவில்லை.

அந்த ஆசிரியரும் நம்மைப் போல் படித்தவர். அவருக்கும் அவர் மனைவிக்கும் குறையாக இருந்தது, நாடியைத் தொட்டுப் பார்க்க முன்வந்த ஒரு கை. இன்று நம் பிள்ளைகள் மருத்துவராகவும் செவிலியராகவும் பணிபுரிகிறார்கள். எனினும், தன் உடலைத் தானே அறிந்துகொள்ளும் அறிவு ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதற்கு இக்கடிதம் ஒரு பாடம்.

பயிற்சிக்கு நாடியே அளவுகோல்

நம் இளைஞர்களிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறோம். தேர்வு அறிவிக்கை வந்து, எழுத்துத் தேர்வும் முடிந்து, திடலுக்கு அழைப்பு வந்த பின்னரே ஓடத் தொடங்குகிறார்கள். முதல் நாளே முழு வேகம். மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பத்தாம் நாள் உடல் சோர்ந்து, ஓட்டமே நின்றுவிடுகிறது. குறைந்தது மூன்று மாதமாவது முன்னதாகத் தொடங்குவதே முறை.

எவ்வளவு வேகத்தில் ஓடுவது என்பதற்குப் பின்லாந்து நாட்டு அறிஞர் மார்ட்டி கார்வோனன் 1957இல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டுகிறது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுநிலைத் துடிப்பைக் கழித்தால் வருவது அவருடைய கைவசமுள்ள இருப்பு. இந்த இருப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டையாவது எட்டும்படி பயின்ற இளைஞர்களுக்கே இதயம் தேர்ச்சி பெற்றதை அவர் கண்டார்.

இருபது வயது இளைஞர் ஒருவரின் ஓய்வுநிலை நாடி 72 என்று கொள்வோம். உச்சம் 200. இருப்பு 128. அதில் 60 விழுக்காடு 77. அதனுடன் 72ஐக் கூட்டினால் 149. இருப்பில் 75 விழுக்காடு 96. 72ஐக் கூட்டினால் 168. ஆக 149க்கும் 168க்கும் இடையில் நாடி இருக்குமாறு அவர் அரைமணி நேரம் ஓடலாம். 15 விநாடிக்கு 37 முதல் 42 துடிப்பு. இந்த எல்லையின் கீழ்ப்பகுதியில் ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் சிறு சிறு சொற்றொடராகப் பேச முடியும். பேச்சே வரவில்லை எனில் வேகத்தைக் குறைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் நடையும் ஓட்டமும் மாறி மாறிச் செய்தாலே இவ்வெல்லையை எட்டிவிடுவர்.

வாரத்தில் நான்கு நாள் இத்தகைய நிதான ஓட்டம். ஒரு மாதம் கழிந்தபின், வாரத்தில் ஒரு நாள் மட்டும் தேர்வு வேகத்தில் சிறு சிறு ஓட்டங்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க, 200 மீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு 56 விநாடி. அப்படி ஏழரைச் சுற்று. இந்த 56 விநாடி வேகத்தில் இரண்டு சுற்று ஓடி, நாடி 120 அளவுக்கு இறங்கும் வரை நடந்து, மீண்டும் இரண்டு சுற்று ஓடலாம். தேர்வன்று நாடி உச்சத்தை நெருங்கும், அது இயல்பே. நாள்தோறும் உச்சத்தில் ஓடுவதுதான் தவறு. காலையில் எண்ணும் ஓய்வு நாடி வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடியிருந்தால், உறக்கக் குறைவோ காய்ச்சலோ மிகை உழைப்போ இருக்கிறது என்று பொருள். அன்று ஓய்வு கொள்ளுதல் நன்று.

நம் பகுதியில் கோடை கடுமையானது. வெயிலில் உடலைக் குளிர்விக்கக் குருதி தோலுக்கும் செல்ல வேண்டியிருப்பதால், அதே வேகத்திற்கு நாடி மிகுந்து துடிக்கும். படவேட்டுச் சாலையில் ஓடுவோர் விடியற்காலையில் ஓடி முடிப்பதும், முன்னும் பின்னும் நீர் அருந்துவதும் இதனால்தான் இன்றியமையாதவை.

இறங்கும் வேகம்

நாடி ஏறுவதைப் போலவே, அது எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்பதும் தகுதியின் அடையாளம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்திற்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்கச் செய்து, பின்னர் அமர வைத்து நாடியை எண்ணும் சோதனையை அமைத்தார்கள். உடற்கல்வி பயின்றோர் அனைவரும் அறிந்த சோதனை அது. 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவர்கள் 2,428 பேரைக் குறித்து வெளியிட்ட ஆய்வு மேலும் ஓர் உண்மையைச் சொன்னது. பயிற்சி நின்ற முதல் நிமிடத்தில் நாடி 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்களிடையே, பின்வந்த ஆறு ஆண்டுகளில் இறப்பு மிகுதியாக இருந்தது.

நம் வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒய்.எம்.சி.ஏ. அமைப்பினர் பரப்பிய முறை அது. சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நம் உடற்கல்வி ஆசிரியர்கள் நன்கறிவர். ஓரடி உயரமுள்ள படியில் நிமிடத்திற்கு 24 முறை வீதம் 3 நிமிடம் ஏறி இறங்கி, உடனே அமர்ந்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். அந்த எண்ணை நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதுக. அடுத்த மாதம் அதே படியில், அதே நேரத்தில் மீண்டும் செய்க. எண் குறைந்திருந்தால் உடல் தேறியிருக்கிறது. பிறர் எண்ணோடு ஒப்பிட வேண்டா. நாடி ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே வேறுபடும். சென்ற மாதத்து நம் எண்ணோடு மட்டும் ஒப்பிடுவோம்.

உழைத்த உடலும் அமர்ந்த உடலும்

பெரியோர்கள் கேட்கலாம்: ஏர் பிடித்தும் நாற்று நட்டும் சவ்வாது மலையடியில் விறகு சுமந்தும் வாழ்ந்த நமக்கு உடற்பயிற்சி எதற்கு? நியாயமான கேள்வி. நம் முன்னோர்க்கு உழைப்பு மிகுதி. ஓய்வும் உணவும் குறைவு. அதனை உடற்பயிற்சி என்று புகழ்ந்துரைப்பது அவர்கள்பட்ட துயரை மறைப்பதாகும். ஆனால் அவர்கள் பிள்ளைகளின் நிலை இன்று வேறு. எழுத்தராகவும் ஆசிரியராகவும் ஓட்டுநராகவும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். 1953இல் இலண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெரி மோரிஸ், நாள்முழுதும் அமர்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு எனக் கண்டறிந்தார். அரசுப் பணி கிடைத்த ஒருவர் ஐம்பது வயதில் மாரடைப்பால் மறைவாராயின், ஒரு தலைமுறை முயன்று ஏறிய படியிலிருந்து அக்குடும்பம் சறுக்கிவிடும். ஆகவே பணியில் இருப்போர் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம், நாடி சற்று விரையும்படி நடக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பெண் பிள்ளை சிறிது ஓடினாலே இரைக்கிறாள் என்றால், சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உள்ளவர்கள். பிராணவாயுவைச் சுமக்கும் செந்நிறப் பொருள் குருதியில் குறைந்தால், அதை ஈடுசெய்ய இதயம் அதிகமாகத் துடிக்கிறது. அப்பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதிப் பரிசோதனை. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை உண்ணச் செய்யுங்கள். கீரையும் கேழ்வரகும் கறியும் ஈரலும் ஆண் பிள்ளையின் தட்டில் விழும் அளவுக்கே பெண் பிள்ளையின் தட்டிலும் விழட்டும். அதன்பின் அவளும் 400 மீட்டர் ஓடுவாள்.

எச்சரிக்கையும் வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலி, தலைச்சுற்றல், மயக்கம் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தோர் இருப்பின், பயிற்சி தொடங்குமுன் இதய மின்வரைபடம் எடுத்துப் பார்ப்பது நலம். நாற்பதைக் கடந்தவர்களும் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் மருத்துவர் சொற்படி தொடங்குக. இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் மருந்துகளில் சில நாடியை மட்டுப்படுத்தும். அவற்றை உண்போர்க்கு மேற்சொன்ன கணக்குகள் பொருந்தா. தேர்வில் வெல்லலாம் என்று சொல்லி எவர் தரும் ஊசியையும் மாத்திரையையும் தொடாதீர்கள்.

நிறைவாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் செய்தித்தாளும் பொது அறிவு நூல்களும் இருக்கின்றன. அவற்றோடு விநாடி முள் உள்ள ஒரு சுவர்க் கடிகாரமும், ஓரடி உயரமுள்ள ஒரு பலகையும், ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும் சேரட்டும். அருகிலுள்ள திடலில் 200 மீட்டரை நாடா கொண்டு அளந்து சுண்ணாம்புக் கோடு போடுவோம். தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், தம் நாடியை மாதந்தோறும் அந்நோட்டில் பதியட்டும். மூத்தோர் இளையோர்க்கு எண்ணக் கற்றுக் கொடுக்கட்டும். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

நாடி எவர் கையிலும் ஒரே முறையில் துடிக்கிறது. அது குலம் கேட்பதில்லை. நேற்று ஓடினாயா என்று மட்டுமே கேட்கிறது. எழுத்துத் தேர்வில் வென்ற நம் பிள்ளைகள் இனித் திடலிலும் வென்று, நெடுநாள் நலமுடன் பணியாற்றி, தம் பேரப்பிள்ளைகளின் படிப்பையும் கண்டு மகிழ வேண்டும் என்பதே நம் விழைவு. வெள்ளி விழாக் காணும் சங்கம் பொன்விழாவும் காண்க!